பெயர் மறைத்த காதலும் பெயர் பொறித்த நட்பும்

குறுந்தொகையின் மூன்றாம் பாட்டில் ஒரு பெண் தன் காதலின் அளவைச் சொல்ல நிலத்தையும் வானத்தையும் கடலையும் அளவுகோலாக எடுத்து, மூன்றும் போதவில்லை என்று கண்டுகொள்கிறாள். தேவகுலத்தார் என்னும் புலவர் பாடிய அந்த நான்கடிப் பாட்டு, பாடநூல்களிலும் மேடைப் பேச்சுகளிலும் தமிழர் காதலுக்குச் சான்றாகத் திரும்பத் திரும்பக் காட்டப்படுவது. ஆனால் அதன் இறுதியில் அவள் அந்த உறவுக்கு இடும் பெயர் நட்பு என்பதே. நற்றிணையின் முதற்பாட்டில் கபிலர் படைத்த தலைவியும், தாமரைப் பூவில் எடுத்துச் சந்தன மரத்தில் சேர்த்த தேனைத் தன் உறவுக்கு உவமையாக்கும்போது அவ்வுறவைக் கேண்மை என்கிறாள். கேண்மை என்பதும் நட்பைக் குறிக்கும் பழஞ்சொல்லே. ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன், தமிழில் காதல் தன் உயர்வைச் சொல்லிக்கொள்ள விரும்பியபோது நட்புக்கு உரிய சொல்லையே நாடியது.

இன்றைய பேச்சு வழக்கு இதற்கு நேர் எதிரான திசையில் நடக்கிறது. ஓர் ஆணும் பெண்ணும் நெருங்கிப் பழகுவதைக் கண்டு யாரேனும் வினவினால், 'வெறும் நட்புதான்' என்பதே வழக்கமான விடை. அந்த 'வெறும்' என்னும் அடைமொழி, காதல் மேற்படியிலும் நட்பு கீழ்ப்படியிலும் இருப்பதாகவும், நட்பு வளர்ந்தால் காதலாகும், காதல் தேய்ந்தால் நட்பாகும் என்றும் ஒரு கணக்கைத் தனக்குள் வைத்திருக்கிறது. திரைப்படங்களும் தொடர்கதைகளும் முக்கால் நூற்றாண்டுக்கும் மேலாக இந்தக் கணக்கையே கற்பித்து வந்திருப்பதால், அது இயற்கையின் நியதி போலத் தோன்றுகிறது. தமிழின் பழைய நூல்கள் அப்படிக் கருதவில்லை. காதலையும் நட்பையும் அவை வைத்த இடங்கள் வேறு, அவற்றுக்கு விதித்த முறைகளும் வேறு. அந்த வேறுபாடுகளுள் மிக ஆழமானது பெயர் பற்றியது.

சங்க இலக்கியம் மனித வாழ்வை அகம், புறம் என இரண்டாகப் பகுக்கிறது. அகம் என்பது ஒத்த அன்புடைய ஆணும் பெண்ணும் தமக்குள் துய்க்கும் காதல் வாழ்வு. புறம் என்பது போர், கொடை, ஆட்சி, இறப்பு என ஊரறிய நிகழும் மற்றவை யாவும். அகத்திணையின் ஐந்து ஒழுக்கங்களைப் பாடும்போது, பாட்டில் வரும் தலைவனையோ தலைவியையோ இன்னார் என்று பெயர் சுட்டிச் சொல்லக் கூடாது என்பது தொல்காப்பிய அகத்திணையியலின் விதி. இந்த விதி எவ்வளவு கண்டிப்பாகப் பின்பற்றப்பட்டது என்பதற்கு நெடுநல்வாடை சான்று. நக்கீரர் பாடிய 188 அடிகள் கொண்ட அந்நூல், பாசறையில் இருக்கும் கணவனைப் பிரிந்து வாடைக்காலத்தில் வருந்தும் அரசியைப் பற்றியது, பொருளளவில் அகப்பாட்டே. ஆயினும் அதில் வேப்பமாலை சூடிய வேல் ஒன்று குறிப்பிடப்படுவதால், வேம்பு பாண்டியர்க்கு உரிய அடையாளப் பூ ஆகையாலும் அதனால் தலைவன் இன்னான் என்பது வெளிப்பட்டுவிடுவதாலும், உரையாசிரியர் நச்சினார்க்கினியர் அதைப் புறப்பொருளில் சேர்த்தார். பெயர் நேராகச் சொல்லப்படவில்லை, ஒரு பூவின் வாயிலாக ஊகிக்க மட்டுமே இடமிருந்தது. அதுவே ஒரு காதற்பாட்டு அகத்தின் எல்லையைத் தாண்டிவிடப் போதுமானதாயிற்று.

இந்த விதிக்கு ஒரு நடைமுறைக் காரணமும் உண்டு. ஊரார் பழிதூற்றும் பேச்சை அலர் என்பர். பெயர் வெளிப்பட்டால் அந்த அலருக்கு இரையாகுபவள் பெண்ணே. ஆனால் அதைவிட அடிப்படையான காரணம், காதல் எல்லோர்க்கும் பொதுவான அனுபவம் என்னும் கருத்தாகலாம். பெயரற்ற தலைவியின் ஏக்கத்தில் எந்தப் பெண்ணும், பெயரற்ற தலைவனின் தவிப்பில் எந்த ஆணும் தம்மைக் காணலாம். காதலில் மனிதர் ஒருவரை ஒருவர் ஒத்திருக்கின்றனர். நட்போ புறத்துக்கு உரியது. அங்கே பெயர் கட்டாயம். எந்தப் புலவர், எந்த அரசன், எந்த ஊர், எந்த மலை என்பவை அழுத்தந்திருத்தமாகச் சொல்லப்படுகின்றன. ஒருவர் இடத்தில் இன்னொருவரை வைத்துப் பார்க்க முடியாத உறவாகவே நட்பு அங்கே பாடப்பட்டிருக்கிறது.

கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் கொண்ட நட்பு இதற்கு முதன்மையான சான்று. கோப்பெருஞ்சோழன் உறையூரில் இருந்து ஆண்டவன். ஆந்தையார் பாண்டிய நாட்டுப் பிசிர் என்னும் ஊரினர். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. புறநானூற்றின் 67ஆம் பாட்டில் ஆந்தையார், குமரித் துறையிலிருந்து வடமலை நோக்கிப் பறக்கும் அன்னத்திடம், வழியில் உறையூர் அரண்மனையில் இறங்கித் தம் பெயரைச் சொன்னால் அரசன் அதன் பெடை அணிந்துகொள்ள நல்ல அணிகலன் தருவான் என்கிறார். பறவையைத் தூது விடுவது காதற்பாட்டுக்கு உரிய வழக்கம். அதே வழக்கத்தை நட்புக்கு எடுத்துக்கொண்ட இந்தப் புலவர், காதலர் செய்ய முடியாத ஒன்றைத் தயக்கமின்றிச் செய்கிறார்: அனுப்புபவர் பெயரையும் பெறுபவர் பெயரையும் வாய்விட்டுச் சொல்கிறார்.

பின்னாளில் சோழனுக்கும் அவன் மக்களுக்கும் பகை மூண்டு, மக்கள் மீது படையெடுக்க எழுந்த அரசனைப் புல்லாற்றூர் எயிற்றியனார் என்னும் புலவர் தடுத்து நிறுத்த, அவன் அரசைத் துறந்து வடக்கிருந்தான். வடக்கிருத்தல் என்பது வடதிசை நோக்கி அமர்ந்து உண்ணாநோன்பு நோற்று உயிர்விடுவது. அப்போது அவன் சுற்றியிருந்தோரிடம் ஆந்தையார் வருவார் என்றும், அவருக்கு ஓர் இடம் ஒதுக்கிவையுங்கள் என்றும் சொன்னான். காதால் கேட்டதன்றி ஒருமுறையேனும் கண்டிராத ஒருவர், பல்லாண்டு பழகியவரே செய்யத் தயங்கும் இதனைச் செய்ய வருவாரா என்று அவர்கள் ஐயுற்றனர். அரசன் சொன்ன மறுமொழி 216ஆம் பாட்டாக நிற்கிறது. ஆந்தையாரிடம் யாரேனும் உம் பெயர் என்ன என்று கேட்டால், அவர் சோழனின் பெயரையே தம் பெயராகச் சொல்லும் உரிமை உடையவர். செல்வக் காலத்தில் வராதிருந்தாலும் துன்பக் காலத்தில் வராமல் இருக்கமாட்டார் என்பது இப்பாட்டும் இதற்கு முந்திய பாட்டும் தரும் செய்தி. நண்பனின் பெயரையே தன் பெயராகச் சொல்லிக்கொள்ளும் நட்பை, காதலர் பெயரைப் பூவளவு கூட வெளிவிடாத அகத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான், பழந்தமிழர் இவ்விரண்டையும் எவ்வளவு தெளிவாக வேறுபடுத்தினர் என்பது விளங்கும்.

ஆந்தையார் வந்தார், ஒதுக்கிய இடத்தில் அமர்ந்தார். அதைக் கண்டு வியந்து புலவர்களான பொத்தியாரும் கண்ணகனாரும் பாடினர். கண்ணகனாரின் உவமை எளியது: பொன், பவளம், முத்து, மணி ஆகியவை வெவ்வேறு இடங்களில் பிறந்து தொலைவில் கிடந்தாலும் ஓர் அணிகலனாகும்போது ஒன்றுசேர்கின்றன. பொத்தியாரின் கதை இதைவிட உருக்கமானது. அவரும் அரசனுடன் உயிர்விட விரும்பினார். அவர் மனைவி கருவுற்றிருந்ததால், மகன் பிறந்த பின் வா என்று அரசன் திருப்பி அனுப்பினான். மகன் பிறந்ததும் அவர் திரும்பி வந்தபோது அரசன் நடுகல்லாகியிருந்தான். நடுகல் என்பது இறந்தோர் நினைவாக நட்டு வழிபடும் கல். அந்தக் கல்லிடம்தான் அவர் தமக்குரிய இடம் எது என்று கேட்டார். நட்பு உயிரையே கேட்கும் அளவுக்கு உயர்ந்து நின்ற அந்தக் கட்டத்திலும், மனைவிக்கும் பிறக்கப்போகும் குழந்தைக்கும் உரிய கடமையை நண்பனே நினைவூட்டினான் என்பது இந்த வரலாற்றில் அதிகம் பேசப்படாத பகுதி. நட்புக்காக இல்லறத்தைப் பலியிடு என்று அந்த நட்பு கேட்கவில்லை.

காதலையும் நட்பையும் ஒரே ஆளிடம் அளந்து பார்க்க வேண்டுமானால் கபிலரிடம் செல்ல வேண்டும். மலைநிலக் காதலான குறிஞ்சியைப் பாடுவதில் அவரை விஞ்சியவர் இல்லை என்பது தமிழ் மரபின் தீர்ப்பு. அவருடைய குறுந்தொகை 25ஆம் பாட்டில் ஒரு பெண், அவன் என்னைக் கூடிய நாளில் அங்கே வேறு யாரும் இல்லை, அவன் பொய் சொன்னால் நான் என்ன செய்வேன் என்று கலங்குகிறாள். அங்கே இருந்தது ஓடும் நீரில் மீனுக்குக் காத்திருந்த ஒரு நாரை மட்டுமே. சாட்சி இல்லாமை காதலின் இனிமைக்கும் காரணம், அதன் அச்சத்துக்கும் காரணம் என்பதை இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன பாட்டு வேறொன்றைக் காண்பது அரிது.

அதே கபிலர் தம் சொந்த வாழ்வில் கொண்ட நட்புக்குச் சாட்சிகள் ஏராளம். 300 ஊர்களைக் கொண்ட பறம்பு நாட்டின் தலைவன் பாரி, மூவேந்தரின் முற்றுகைக்குப் பின் கொல்லப்பட்டான். அவனுடைய இரண்டு மகளிரையும் அழைத்துக்கொண்டு கபிலர் சிற்றரசர் வாயில்களில் நின்று மணம் பேசினார், மறுக்கப்பட்டார், இறுதியில் அவர்களை அந்தணரிடம் ஒப்படைத்துவிட்டு வடக்கிருந்தார். புறநானூற்றின் 236ஆம் பாட்டில் அவர் இறந்த நண்பனோடு வழக்காடுகிறார்: பல்லாண்டு என்னைப் பேணிய நீ, போகும்போது உடன்வர விடாமல் இங்கேயே இரு என்று சொல்லிச் சென்றது நட்புக்கு ஏற்றதன்று, இப்பிறவி போல மறுபிறவியிலும் நாம் பிரியாதிருக்க ஊழ் அருள்வதாக. இந்த வேண்டுதல், குறுந்தொகையில் அம்மூவனாரின் தலைவி மறுபிறவியிலும் நீயே என் கணவனாக வேண்டும் என்று கேட்கும் வேண்டுதலோடு அப்படியே ஒத்திருக்கிறது. மறுமை வரை நீளும் ஆசை காதலுக்கே உரியது என்று எண்ணுவோர்க்கு இவ்விரண்டு பாட்டுகளையும் அடுத்தடுத்துப் படிப்பது நல்லது. கபிலர் உயிர்விட்ட இடமாகத் திருக்கோவலூரில் தென்பெண்ணை ஆற்றின் நடுவே உள்ள கபிலக்கல் காட்டப்படுகிறது. அவ்வூர் வீரட்டானேசுவரர் கோயிலில் உள்ள முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டு ஒன்று, பாரி மகளை மலையனுக்கு அளித்துவிட்டுக் கபிலர் தீப்புகுந்ததாகச் சொல்கிறது. மகளிர் யாரை மணந்தனர், கபிலர் எவ்வாறு இறந்தார் என்பவற்றில் பாட்டுக்கும் கல்வெட்டுக்கும் வேறுபாடு இருக்கிறது. ஆனால் பல நூற்றாண்டுகளுக்குப் பின்னும் ஒரு நட்பு கல்லில் வெட்டத் தக்கது என்று கருதப்பட்டதில் ஐயமில்லை. அவர் பாடிய காதலுக்கு ஒரு நாரை சாட்சி. அவர் வாழ்ந்த நட்புக்குக் கல் சாட்சி.

ஆணும் பெண்ணும் நண்பராக மட்டும் இருக்க முடியுமா என்பது இக்காலத்துக்கே உரிய வினா போலப் பேசப்படுகிறது. தகடூரை, அதாவது இன்றைய தருமபுரியை, ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியும் ஔவையாரும் கொண்ட உறவை அந்த வினாவை எழுப்புவோர் மறந்துவிடுகின்றனர். நெடுநாள் வாழவைக்கும் அரிய நெல்லிக்கனி கிடைத்தபோது அதைத் தான் உண்ணாமல் ஔவைக்குக் கொடுத்தவன் அவன்; அவனுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்றவர் அவர். அதியமான் இறந்தபின் ஔவை பாடிய புலம்பலில், சிறிதளவு கள் இருந்தால் முழுவதையும் தமக்கே தந்ததும், எலும்போடு கூடிய இறைச்சித் துண்டுகளைத் தம் பக்கம் நகர்த்தி வைத்ததும், நறுமணம் கமழும் கையால் புலால் நாறும் தம் தலையை வருடியதும் ஒவ்வொன்றாக நினைவுகூரப்படுகின்றன. ஓர் அரசனும் ஒரு பெண் புலவரும் உடன் அமர்ந்து குடித்ததையும் உண்டதையும் அவர் மறைக்கவில்லை. மறைக்க வேண்டிய தேவை இருப்பதாக அவர் எண்ணியதற்கான குறிப்பும் பாட்டில் இல்லை. ஔவையின் பாட்டுகளைத் தொகுத்த புலவர்களும் அவற்றைக் காதற்பாட்டாக மாற்றிப் படிக்கவில்லை.

இவ்வளவும் புறத்தில் காணும் நட்பு. அகத்துக்குள்ளேயும் நட்புக்கு ஓர் உருவம் உண்டு, அவளே தோழி. தொல்காப்பியம் அவளைச் செவிலியின் மகள் என்று வரையறுக்கிறது; செவிலி என்பவள் தலைவியைப் பாலூட்டி வளர்த்த வளர்ப்புத் தாய். அகப்பாட்டு என்பது இரண்டு பேர் கதை என்பது பொதுவான எண்ணம். உண்மையில் தோழியை நீக்கிவிட்டால் அந்தக் கதை ஓரடி கூட நகராது. தலைவன் தலைவியை அணுக அவளே வழி. பகலிலும் இரவிலும் சந்திக்கும் இடத்தை, அதாவது பகற்குறியையும் இரவுக்குறியையும், தெரிவு செய்பவள் அவள். சந்திப்பின் இன்பத்திலேயே காலம் கடத்தும் தலைவனைத் திருமணம் செய்துகொள் என்று நெருக்குபவள் அவள், இதனை வரைவு கடாதல் என்பர். காதலைப் பெற்றோர்க்கு உரிய முறையில் வெளிப்படுத்தும் அறத்தொடு நிற்றல் என்னும் கடமையும் அவளுடையதே. பத்துப்பாட்டில் ஒன்றான குறிஞ்சிப்பாட்டு, 261 அடிகளிலும் தோழி செவிலியிடம் பேசும் பேச்சுதான். ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழ்நெறியை விளக்கக் கபிலர் அதைப் பாடினார் என்பது மரபு. காதலை அறியாத ஒருவருக்கு விளக்க எடுத்துக்கொண்டபோது கபிலர் காதலரைப் பேசவிடவில்லை, அவர்களின் தோழியைப் பேசவைத்தார்.

தோழியின் அன்பு எத்தகையது என்பதற்கு நற்றிணையின் பத்தாம் பாட்டு ஒன்றே போதும். பெற்றோர் அறியாமல் தலைவனுடன் செல்லும் உடன்போக்கின் இரவில் தலைவியை ஒப்படைக்கும்போது, இவள் இளமை தளர்ந்து கூந்தல் நரைத்த காலத்திலும் கைவிட்டுவிடாதே என்று அவள் தலைவனிடம் கேட்கிறாள். காதலர் இருவரும் அந்த இரவை நினைத்துக்கொண்டிருக்கையில், ஐம்பது ஆண்டுக்குப் பின் வரும் முதுமையை நினைப்பவள் அவள் ஒருத்தியே. விடிந்தபின் செவிலியின் கண்ணீருக்கும் ஊரின் வினாக்களுக்கும் முன் நிற்கப்போகிறவளும் அவளே. இதைச் சொல்லும்போது ஒரு குறையையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது: அத்தனை பாட்டுகளிலும் தோழிக்கென்று ஒரு காதல் இல்லை, திருமணம் இல்லை, அவள் வருத்தத்தைக் கேட்க இன்னொரு தோழி இல்லை. செவிலியின் மகளாகிய அவள் தலைவியோடு சமநிலையில் நிற்பவளும் அல்லள். நட்பின் இந்தப் பெரிய ஓவியம், தன்னைக் கொடுப்பவள் ஒருத்தியும் பெறுபவள் ஒருத்தியுமாக ஒருபக்கம் சாய்ந்தே தீட்டப்பட்டிருக்கிறது. புறத்தில் பெயர் பெற்ற நட்பு, அகத்தில் பெயரும் கைம்மாறும் இன்றி உழைத்திருக்கிறது.

காதல் பெயரோடு பேசப்படும் அரிய இடங்களிலும் நண்பர்களே முன்நிற்கின்றனர். மயிலுக்குப் போர்வை ஈந்த பேகன் தன் மனைவி கண்ணகியைப் பிரிந்து வேறொருத்தியிடம் வாழ்ந்தபோது, கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர் கிழார் ஆகிய நால்வரும் அவனிடம் சென்று பாடினர். பரிசில் பெற்று வாழும் புலவரான பரணர், நாங்கள் பசியால் வரவில்லை, எங்களுக்குச் சுற்றத்தின் சுமையும் இல்லை, இன்றிரவே தேரேறிச் சென்று அவள் துயரைப் போக்கு, நாங்கள் வேண்டும் பரிசில் அதுவே என்றார். புறநானூற்றின் 143 முதல் 147 வரையுள்ள அந்தப் பாட்டுகள், நண்பரின் இல்லறத்தில் தலையிடும் உரிமை நட்புக்கு உண்டு என்று அக்காலம் ஏற்றுக்கொண்டதைக் காட்டுகின்றன.

அந்த உரிமைக்கு இலக்கணம் வகுத்தவர் திருவள்ளுவர். திருக்குறளில் காமத்துப்பால் 25 அதிகாரங்களைக் கொண்டது. நட்பு பற்றிய அதிகாரங்கள், 79 முதல் 83 வரை, ஐந்து மட்டுமே. எண்ணிக்கையை வைத்து ஒன்று பெரிது ஒன்று சிறிது என்று முடிவுகட்டுவதற்கு முன், அவற்றின் உள்ளே இருப்பதைப் பார்க்க வேண்டும். நட்பாராய்தல் என்று ஓர் அதிகாரமே இருக்கிறது: ஒருவரின் குணம், குடி, குற்றம், சுற்றம் ஆகியவற்றை அறிந்த பின்னரே நட்புக் கொள்ளவேண்டும், ஏனெனில் கொண்டபின் விடுதலை இல்லை என்று அது எச்சரிக்கிறது. காமத்துப்பாலில் அப்படிக் காதலை ஆராயும் அதிகாரம் ஒன்றும் இல்லை; அது தலைவன் தலைவியின் அழகால் தாக்குண்டு, இவள் தெய்வப்பெண்ணோ மயிலோ என்று மயங்குவதில் தொடங்குகிறது. நட்பு அறிவால் தேர்ந்து கொள்ளப்படுவது, காதல் வந்து தாக்குவது என்னும் வேறுபாட்டை நூலின் அமைப்பே சொல்லிவிடுகிறது.

இரண்டிலும் கோபம் உண்டு. அந்தக் கோபத்தின் இயல்பு வேறு. காதலில் அது ஊடல்: உப்பைப் போல அளவோடு இருந்தால் சுவை, மிகுந்தால் கேடு, அதன் நோக்கம் மீண்டும் கூடுவது. நட்பில் அது இடித்துரைத்தல்: நண்பர் நெறி தவறும்போது முன்சென்று கடிந்து தடுப்பது, அதன் நோக்கம் நண்பரின் நன்மை, உறவின் இனிமை குலைந்தாலும் சரியே. வள்ளுவர் இரண்டையும் கல்வியோடு ஒப்பிடும் இடங்கள் இன்னும் நுட்பமானவை. பண்புடையவர் நட்பு, படிக்கப் படிக்க நயம் தோன்றும் நூல் போன்றது என்கிறது 783ஆம் குறள். காமமோ, அறிய அறிய முன்பிருந்த அறியாமை தெரியவருவது போன்றது என்கிறது 1110ஆம் குறள். முன்னதில் தெரிந்த ஒன்று மேலும் இனிக்கிறது. பின்னதில் தெரியாத ஒன்று மேலும் விரிகிறது. ஒரு வாழ்க்கைக்கு இரண்டும் தேவை என்றாலும், நோயிலும் கடனிலும் முதுமையிலும் மனிதர் நாடுவது முன்னதையே என்று கருத இடமுண்டு; பழைமை என்னும் அதிகாரம், நெடுநாள் நண்பர் உரிமையால் செய்யும் பிழைகளைப் பொறுத்துக்கொள்வதைப் பற்றியே பேசுகிறது. சிறந்த இல்லறங்களில் கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் அப்படித்தான் பொறுத்துக்கொள்கின்றனர். அதாவது அவர்கள் நண்பராகியிருக்கின்றனர்.

பக்தி இலக்கியம் இவ்விரண்டையும் இறைவனிடம் கொண்டுசென்றது. ஆண்டாள் திருமாலைக் காதலித்தாள். மாணிக்கவாசகரின் திருக்கோவையார் 400 பாட்டுகளில் அகத்துறைகளையே பாடுகிறது. சுந்தரர் தேர்ந்தது நட்பு. அதனால் தம்பிரான் தோழர் என்று பெயர் பெற்றார். அவர் திருவொற்றியூரில் சங்கிலியாரை மணந்ததை அறிந்து திருவாரூரில் அவர் மனைவி பரவையார் கதவடைத்தபோது, நள்ளிரவில் அந்த வீட்டு வாயிலுக்குத் தூதாக நடந்தவர் சிவபெருமானே என்று பெரியபுராணம் பாடுகிறது. அகப்பாட்டில் தோழியும் தலைவனின் நண்பனாகிய பாங்கனும் செய்த பணியைக் கடவுளே செய்ததாகப் பாடும் துணிவு, நட்பை உயிர்நிலையாகக் கருதிய ஒரு மரபிலிருந்தே பிறந்திருக்க முடியும்.

நட்பு 'வெறும் நட்பு' ஆகிவிட்ட இக்கால மாற்றத்துக்குத் திரைப்படத்தை மட்டும் பழிப்பது பொருந்தாது. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபின் டன்பார் என்னும் ஆய்வாளர், மனிதர் ஒவ்வொருவருக்கும் மிக நெருங்கிய வட்டத்தில் ஏறத்தாழ ஐந்து பேர் இருப்பதாகவும், புதிதாகக் காதல் கொள்பவர் அந்த வட்டத்தில் சராசரியாக இருவரை இழப்பதாகவும் கண்டார். நேரமும் கவனமும் அளவுக்கு உட்பட்டவை என்பதே காரணம். சங்கத் தலைவிக்கு இந்த இழப்பு நேரவில்லை, ஏனெனில் அவள் காதல் தோழியின் கைகளின் வழியாகவே நடந்தது. இன்றைய காதலர்க்கு அந்த இடைக்கை தேவைப்படவில்லை, கைப்பேசி போதும். தூது வேண்டாதபோது தூதரும் மெல்ல வாழ்க்கையிலிருந்து விலகிவிடுகிறார். காதல் முறியும் நாளில் அவரைத் தேடுவதில் உள்ள கூச்சம் பலர் அறிந்ததே.

சட்டத்தின் பார்வையிலும் இந்த ஏற்றத்தாழ்வு தெரிகிறது. திருமணத்துக்குப் பதிவு உண்டு, வாரிசுரிமை உண்டு, பிரிவதற்கு நீதிமன்றம் உண்டு. நட்புக்கு இவற்றில் ஒன்றும் இல்லை, 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் நண்பர் என்னும் வாரிசு கிடையாது. ஆனால் ஓரிடத்தில் மட்டும் இந்தியச் சட்டம் நட்பை நேருக்கு நேர் சந்திக்க நேர்ந்தது: 1994ஆம் ஆண்டின் மனித உடலுறுப்பு மாற்றுச் சட்டம். கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர் ஆகியோரை நெருங்கிய உறவினர் என்று வகுத்த அச்சட்டம், 2011ஆம் ஆண்டுத் திருத்தத்தில் தாத்தா பாட்டியரையும் பேரப்பிள்ளைகளையும் அவர்களோடு சேர்த்தது. உறவினர் அல்லாத ஒருவர் சிறுநீரகம் தர முன்வந்தால், பெறுபவர் மீது கொண்ட அன்பாலோ பற்றாலோ வேறு தனிக் காரணத்தாலோ தருகிறார் என்பதை அங்கீகாரக் குழு ஆராய்ந்து ஒப்ப வேண்டும். ஏழைகளின் உறுப்புகளை விலைபேசிய கொடுமையைத் தடுக்க இந்த ஆராய்ச்சி இன்றியமையாதது. அதில் குறைகாண ஒன்றுமில்லை. குழு என்ன பார்க்க வேண்டும் என்பதை 2014ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன: இருவர்க்கும் இடையே உள்ள தொடர்பு, கொடுக்க விரும்புவதற்கான காரணம், தொடர்பைக் காட்டும் ஆவணங்கள், இருவரும் சேர்ந்திருக்கும் பழைய புகைப்படங்கள், இடைத்தரகர் எவரும் இல்லை என்பதற்கான உறுதி.

வடக்கிருந்த சோழ அரசனைச் சூழ்ந்து நின்றவர்களும் இத்தகைய வினாக்களையே கேட்டனர். அவர்களுக்குக் காட்டக் கோப்பெருஞ்சோழனிடம் ஆவணம் எதுவும் இருக்கவில்லை. பிசிரிலிருந்து நடந்து வந்துகொண்டிருந்தவரின் முகம் எப்படியிருக்கும் என்பதுகூட அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. அவன் இடத்தை மட்டும் ஒதுக்கிவைத்திருந்தான்.